இன்னும் ஒரு வாய்

நிமிடத்துக்கு அறுபத்திரண்டு மூச்சு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாலில் உட்கார்ந்து, மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி, திறந்திருந்த படுக்கையறைக் கதவு வழியாகக் காதால் கேட்டு அவன் எண்ணிய கணக்கு அது. நாற்பதைத் தாண்டினால் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். பதறிப்போய் உள்ளே ஓடினான். தூங்கிக்கொண்டிருந்த மகளின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து மறுபடி எண்ணினான்.

முப்பத்தொன்று. சரியாகப் பாதி.

அவன் லிஃப்ட் மெக்கானிக். மேல்மாடியில் தேய்ந்துபோன பேரிங் எது என்று தரைத்தளத்தில் நின்றே சொல்லிவிடுகிற காது. அந்தக் காது பொய் சொல்லாது. அறையில் இரண்டு மூச்சு இருந்தது. ஒன்று அவனுக்குத் தெரிந்தது: மூன்று வாரச் சளி நெஞ்சில் இறங்கி, விசில் மாதிரி மெல்ல இழுக்கும், பட்டாணி என்று அவன் கூப்பிடுகிற மகளின் மூச்சு. அது முடிகிற இடத்தில் இன்னொன்று தொடங்கியது. ஈரமாக, ஆழத்திலிருந்து, ஊறிய துணியைப் பிழிவது போல.

“எண்ணிக்கிட்டே இருந்தா இளைப்பு ஓடிப்போயிடுமாடா?” ஆவி பறக்கும் பாத்திரத்தோடு அக்கா வந்து நின்றாள். “நீ போய் லிஃப்டைக் கவனி. குழந்தையை நான் பாத்துக்கறேன்.”

“மருந்து குடுத்தியா?”

“மூணு வேளையும் குடுக்கறேன். அந்த முகமூடியை வெச்சா சமத்தா இழுக்குது, பாவம்.”

அவனுக்கு ஏழு வயதிலிருந்து சோறு ஊட்டித் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அக்கா. மனைவிக்கு வேலை தொலைதூரத்துக்கு மாற்றலானதும், வா வா என்று வாரம் தவறாமல் போன் செய்த அக்காவின் வீட்டுக்கே, யோசிக்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அக்காவும் தனி ஆள்தான். ஆறு வருடத்துக்கு முன், ஐந்து வயதில், இதே போல விடாத சளியில் மூச்சுத் திணறிச் செத்துப்போனான் அவளுடைய ஒரே பையன். பட்ட பாடு தெரிந்தவள், குழந்தையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பாள் என்று நம்பினான்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது, மருந்து தீர்வதற்குள் இன்னொன்று வாங்கி வைக்கலாமே என்று, முகமூடிக் குழாயில் செருகும் இன்ஹேலரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். இடைவேளையில் மருந்துக்கடையில் நீட்டி, “இதே மாதிரி ஒண்ணு குடுங்க” என்றான்.

கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார். “புதுசு எதுக்கு சார்? இதை ஒரு தடவைகூட அழுத்தலையே. பின்னாடி பாருங்க, இருநூறுலயே நிக்குது.”

“ரெண்டு வாரமா குடுக்கறோமே…”

“யாரு குடுக்கறது?”

இன்ஹேலரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான். அக்கா மறந்திருப்பாள் என்று முதலில் நினைத்தான். இரண்டு வாரமா மறப்பாள்? அழுத்தத் தெரியாமல் விட்டிருப்பாளோ? டாக்டர் முன்னால் அவள்தானே அழுத்திக் காட்டினாள்? பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அக்காவுக்காக ஒரு சாக்குத் தேடினான். இறங்குகிற நேரத்தில் கையில் ஒன்றும் மிச்சமில்லை.

வீடு நல்ல வெளிச்சத்தில் இருந்தது. செருப்பைக் கழற்றும்போதே காதில் விழுந்தது; ஹால் முழுக்க, சுவர் முழுக்க, ஈரமான அந்த இழுப்பு. நேற்றைவிடப் பலமாக, நேற்றைவிடத் தெளிவாக, மழைக்காலத்தில் மூடியே கிடந்த அலமாரியின் வாடையோடு. பட்டாணியின் விசிலைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அக்காவின் குரல். அவனுக்குச் சோறு ஊட்டிய அதே குரல்.

“இன்னும் ஒரு வாய்… அவ்ளோதான் கண்ணு. இன்னும் ஒரே ஒரு வாய்.”

கதவைத் தள்ளினான்.

தரையில் சம்மணமிட்டு அக்கா. மடியில் நீலப் போர்வை, குழந்தை கிடக்கிற மேட்டோடு. எதிரே முட்டிபோட்டு உட்கார்ந்திருந்த பட்டாணியின் முகத்தில் முகமூடி. மருந்து செருக வேண்டிய குழாயின் மறுமுனை போர்வைக்குள்ளே போயிருந்தது.

முகமூடியை விலக்கி மகள் சிரித்தாள். உதடு நாவல்பழ நிறம். “அப்பா, அண்ணனுக்கு மூச்சு குடுக்கறேன்.”

“அக்கா…”

“கத்தாதடா. இப்பத்தான் கண்ணசந்தான்.”

“மருந்தை ஏன் குடுக்கல?”

“அவ மருந்து எடுத்துக்கிட்டா இவனுக்கு எரியுதுடா. அழறான்.” அவள் போர்வையைத் தட்டிக்கொடுத்தாள். “அதான் நிறுத்திட்டேன்.”

“என் குழந்தைக்கா? எனக்கா இப்படிப் பண்ண?”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் வெட்கமில்லை. கொஞ்சம் மனத்தாங்கல்தான் இருந்தது. “உன்னை வளர்த்து ஆளாக்கினேனே. பதிலுக்கு ஒருநாளாவது ஏதாவது கேட்டிருக்கேனா?”

அவன் மகளை வாரி எடுத்தான். சிறகு மாதிரி கனமே இல்லை. ஓடினான். ஹால். வாசல். படி.

மூன்றாவது படியில் அவன் நெஞ்சோடு ஒட்டியிருந்த மகளின் மூச்சு நின்றுவிட்டது.

வாய் திறந்திருந்தது. கண் திறந்திருந்தது. காற்று இல்லை. உலுக்கினான். முதுகைத் தட்டினான். ஒரு படி ஏறினான். இல்லை. இன்னொன்று. வாசலுக்குள் கால் வைத்ததும் விக்கலோடு இழுத்தது. விசில் திரும்பியது.

மறுபடி வெளியே வந்தான். நின்றது. உள்ளே போனான். வந்தது.

“அவளோடது முக்கால்வாசி இங்கதான் இருக்கு.” அறைக்குள்ளிருந்து அக்கா சொன்னாள், பசிக்கிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற நிதானத்தில். “கொண்டா. பாதியில நிறுத்தினா ரெண்டு பேரும் கஷ்டப்படுவாங்க.”

அவன் போனான். வேறு எங்கே போவது? மகளைக் கட்டிலில் கிடத்தினான். விலா எலும்புகள் உள்ளே குழிந்து குழிந்து எழுந்தன. எழுவது குறைந்துகொண்டே வந்தது.

“அக்கா. அவளை விட்டுடு.”

“விட்டுடறேன்.” முகமூடியை முந்தானையால் துடைத்து அவன் பக்கம் நீட்டினாள். “பெரியவங்க மூச்சு ரொம்ப நாளைக்கு வரும்.”

அப்போதுதான் புரிந்தது, வா வா என்று அக்கா வாரம் தவறாமல் போன் செய்தது யாருக்காக, எதற்காக என்று.

வாங்கிக்கொண்டான். மண்டியிட்டான். பிளாஸ்டிக் விளிம்பு மூக்கைச் சுற்றிக் குளிர்ந்து ஒட்டியது.

மறுமுனையில் ஏதோ வாய் வைத்தது.

இழுத்தது. மெதுவாக. அவசரமே இல்லாமல்.

கட்டிலில் பட்டாணி நீளமாக, சுத்தமாக ஒரு மூச்சு விட்டாள். நீலப் போர்வைக்குள் சின்னதாக ஐந்து விரல்கள் விரிந்து துணியைத் தள்ளின. விலக முயன்றான். பின்னந்தலையில் அக்காவின் கை, தலைவாரிவிடும் வாஞ்சையோடு, அழுத்திப் பிடித்திருந்தது.