அடியில் வைத்த சந்தனப் பொட்டு

பூங்கோதையின் அப்பா மதியழகனுக்குப் பெருமை வந்துவிட்டால் பிடித்து நிறுத்த ஆள் கிடையாது. அவர் தில்லியில் ஆட்டோ ஓட்டுகிறார். ஏறுகிறவர் யாரானாலும் சரி, சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் மகளைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்.

ஆரம்பிக்காமல் என்ன செய்வார்? ஐந்தாம் வகுப்பு படிக்கிற பூங்கோதை, பல பள்ளிகள் கலந்துகொண்ட ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து ஒரு ஸ்மார்ட் வாட்சைப் பரிசாக வாங்கியிருந்தாள். அந்த வீட்டுக்கு வந்த முதல் பரிசு அதுதான்.

நாலு நாளில் ஆயுத பூஜை வந்தது. அம்மா கோமளாவின் கத்தரிக்கோல், மிக்சி, பூங்கோதையின் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, அப்பா வாட்சைக் கையில் எடுத்தார். கண்ணாடியில் வைத்தால் பாழாகிவிடுமே என்று அதைத் திருப்பிப் பிடித்தார். அடிப்பக்கத்தில் சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக அப்பினார். நடுவில் குங்குமமும் வைத்தார்.

பூஜையில் வைத்ததை அன்றைக்கே எடுக்கக் கூடாது, நாளைக்குக் கட்டிக்கொள்ளட்டும் என்று அம்மா சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்டால்தானே! ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கிற அத்தனை பேரும் அதைப் பார்க்க வேண்டாமா? சந்தனம் காய்வதற்குள் மகள் கையில் இறுக்கமாகக் கட்டி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

லக்ஷ்மிபாய் நகர் ஸ்டாண்டில் எட்டு ஆட்டோக்கள் குளித்து முழுகி, செண்டுமல்லி மாலை போட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. எல்லாம் தமிழ்க்காரர்களின் வண்டிகள். ஒவ்வொருவரிடமும் அப்பா பூங்கோதையை நிறுத்தி, கையைக் காட்டச் சொன்னார். அவளும் சிரித்துக்கொண்டே காட்டினாள்.

மூன்றாவது ஆளிடம் காட்டும்போது மணிக்கட்டு கதகதவென்றிருந்தது. வெயில் என்று நினைத்தாள். ஐந்தாவது ஆளிடம் வந்தபோது நன்றாகவே சுட்டது. எல்லாரும் ஆசையாகப் பார்க்கிறார்கள், இப்போது போய்க் கழற்றுவதா? பல்லைக் கடித்துக்கொண்டாள். எல்லாருடைய போன்களுக்கும் பொட்டு வைக்கிற வேலையைத் தொடங்க அப்பா அந்தப் பக்கம் போனார். அதற்குள் சூடு தாங்க முடியவில்லை.

போதும் இந்த வீம்பு என்று வாரை அவிழ்த்தாள். சட்டைப் பைக்குள் போடவில்லை. ஆட்டோவிலும் வைக்கவில்லை, எட்டும் கேஸில் ஓடுகிற வண்டிகள். ஓடிப்போய்ச் சுவரோரம் வெறும் சிமென்ட் தரையில் வாட்சை வைத்துவிட்டு விலகி நின்றாள்.

தரையைக் கழுவிக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் காத்தவராயன் மாமா அதைப் பார்த்துவிட்டு, வாட்ச் தீப்பிடித்துவிட்டதோ என்று வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார்.

“தண்ணி ஊத்தாதீங்க மாமா. அதுக்குள்ள பேட்டரி இருக்கு. தானா ஆறட்டும், யாரும் கிட்டப் போக வேணாம்,” என்றாள் பூங்கோதை.

மாமா வாளியைக் கீழே வைத்தார். அவள் குழாயைத் திறந்து, சிவந்த மணிக்கட்டைத் தண்ணீரில் வெகுநேரம் காட்டிக்கொண்டு நின்றாள். எரிச்சல் மெல்ல அடங்கியது.

வாட்ச் நன்றாக ஆறிய பிறகு ஒரு குச்சியால் அதைப் புரட்டிப் பார்த்தாள். சார்ஜர் ஒட்டுகிற இரண்டு உலோகப் புள்ளிகளையும் சேர்த்து மூடியபடி, வியர்வையில் ஊறிய சந்தனம் அப்பிக் கிடந்தது. அடக் கடவுளே, அப்பா வைத்த பொட்டு!

திரும்பிப் பார்த்தால் அங்கே இன்னொரு கூத்து. எட்டு பேரின் போன்களும் தாம்பாளத்தில் இருந்தன. அப்பா ஒன்றை எடுத்து, சார்ஜர் செருகுகிற ஓட்டைக்கு நேராகச் சந்தன விரலைக் கொண்டுபோனார். மகள் வாட்சுக்கும் இப்படித்தான் வைத்தேன், கண்ணாடியில் ஒரு கறை உண்டா என்று வேறு கேட்டுக்கொண்டிருந்தார்.

பூங்கோதை தயங்கினாள். சொன்னால் இத்தனை பேர் முன்னால் அப்பாவின் முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால் எட்டு போன்களும் எட்டு வீட்டில் சுடும்.

அவள் போய் அப்பாவின் சட்டையை மெல்ல இழுத்தாள். ஆட்டோவின் மறைவுக்குக் கூட்டிப்போய்க் கையைக் காட்டினாள்.

“நீங்க ஆசையாத்தான் வச்சீங்கப்பா. ஆனா ஈரச் சந்தனம் அந்த ரெண்டு புள்ளியையும் சேத்துடுச்சு, அதான் சுட்டிருக்கு. போனுக்கெல்லாம் ஓட்டைப் பக்கம் வேணாம், மேல் உறையில வைங்க. உங்க பேரை நான் சொல்ல மாட்டேன்.”

அப்பா அந்தச் சிவப்பைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. மணிக்கட்டில் மெதுவாக ஊதினார். பிறகு விறுவிறுவென்று எல்லாருக்கும் நடுவில் போய் நின்றார்.

“எல்லாரும் கேளுங்கப்பா. நான் ஒரு முட்டாத்தனம் பண்ணிட்டேன். கண்டுபுடிச்சது எம் பொண்ணு.”

காத்தவராயன் மாமா சும்மா இருப்பாரா? வாளியோடு தான் ஓடியதையும், சின்னப் பெண் தன்னைத் தடுத்து நிறுத்தியதையும் விவரமாகச் சொன்னார். சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது. அப்பா போன்களை உலர்ந்த துணியால் துடைத்து, உறையில் மட்டும் சின்னதாகப் பொட்டு வைத்தார்.

மறுநாள் கடையில் வாட்சைப் பிரித்துத் துடைத்த மெக்கானிக், உடனே கழற்றியதால் கை தப்பித்தது, தண்ணீர் ஊற்றாததால் வாட்ச் தப்பித்தது என்றார். அப்பா அதை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அன்று முதல் அவர் ஆட்டோவில் ஏறியவர் யாரும் அந்தக் கதையைக் கேட்காமல் இறங்கியதில்லை. தமிழில் பாதி, இந்தியில் பாதியாக, தான் செய்த முட்டாள்தனத்தில் ஒரு பொட்டுகூடக் குறைக்காமல் சொல்வார். பூங்கோதை சில நாள் முன் சீட்டில் அப்பாவை ஒட்டி உட்கார்ந்திருப்பாள். தெருவை வேடிக்கை பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்பாள்.