இளநீர் குடிங்க மாமா!

டெலிபோன் அலறியது!

போடிநாயக்கனூருக்கு மேலே, ஏலக்காட்டு பங்களாவில் கன்னையன் பாய்ந்து எடுத்தான். அடிவாரத்திலிருந்து ஜீப் டிரைவர்.

"அண்ணே! ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஒரு ஜீப்பும் ஏறாது, எறங்காது!"

லைன் செத்தது.

கன்னையனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! நேராக மாமனாரின் அறைக்குள் போனான். கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார் ராக்கையா. காட்டுக்குச் சொந்தக்காரர். பிரஷர்காரர்.

"டாக்டரைக் கூப்பிடுங்க மாப்ளே... கை காலெல்லாம் நடுங்குது..."

"எந்த டாக்டரும் வர முடியாது மாமா. ரோடு அடைச்சுக்கிருச்சு. போனும் போச்சு. இந்தாங்க, இளநீர் குடிங்க."

"வேணாம்..."

"எப்பவும் போல பாதி நான் குடிக்கிறேன். அப்புறம் என்ன பயம்?"

மடக் மடக்கென்று குடித்துவிட்டு சொம்பை நீட்டினான். பெரியவர் மீதியைக் குடித்து முடித்ததும் சிரித்தான் பாருங்கள்... வில்லன் சிரிப்பு!

"முடிஞ்சது மாமா! காட்டை எம் பேருக்கு எழுதுங்கன்னு எத்தனை தடவை கெஞ்சினேன்?"

"அடப்பாவி... வெஷமா?"

"சே! சுத்தமான இளநீர். உங்க பழைய மாத்திரை நீரைப் பிரிக்கும்போது ஒடம்புல இருக்குற பொட்டாசியத்தையும் சேத்து வெளிய தள்ளும். அதுக்காகத்தான் இளநீர் குடிக்கச் சொன்னாரு டாக்டர். போன வாரம் மாத்திக் குடுத்தாரே, புதுசு... அதுல ரெண்டு மருந்து. ஒண்ணு நீரைப் பிரிக்கும். இன்னொண்ணு பொட்டாசியத்தை வெளிய விடாது!"

"அதனால...?"

"இளநீரை அடியோட நிறுத்தணும், இல்லேன்னா இதயம் நின்னுரும்னு டாக்டர் எங்கிட்டதான் சொல்லிவிட்டாரு. நான் சொல்லுவேனா? வேளைக்கு வேளை ஊத்தினேன்!"

ராக்கையாவுக்கு உயிரே போய்விடும் போலிருந்தது. ஜன்னலில் கம்பி. கதவில் மருமகன். வெளியே கொட்டுகிற மழையில் கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

சட்டென்று அவர் நெற்றி சுருங்கியது.

"புது மாத்திரையா?"

"ஆமா!"

பெரியவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"அதை நான் தொடவே இல்லையே மாப்ளே! பழசுதான் இன்னமும் முழுங்குறேன். இது வெறும் குளிர்காய்ச்சல்!"

"பொய்! அட்டையில மாத்திரை கொறையுதே!"

"கொறையும். வெலை கூடுன மாத்திரை, மாப்ளைக்கு இல்லாம நமக்கெதுக்குன்னு உங்க அத்தை ஒத்தக்கால்ல நின்னா. உங்களுக்கும் பிரஷருதானே? காலையில காப்பியோட அவ வைக்கிற மாத்திரையை என்னன்னு பாத்தா முழுங்குறீங்க?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"மாமியா மருமகன்கிட்ட மொகம் பாத்துப் பேசுற வழக்கம் நம்ம வீட்டுல ஏதுங்க?"

கன்னையனுக்கு வேர்த்தது. காலையிலிருந்தே கால் கனத்தது. மலை ஏறி இறங்கிய அசதி என்றல்லவா நினைத்தான்! இப்போது நெஞ்சு ஒரு துடிப்பு அடித்தது... ஒன்றை விட்டது... மறுபடி அடித்தது!

தாழை இழுத்தான். கதவு திறந்தது. முட்டி மடங்கி அங்கேயே விழுந்தான்.

"ஜீப்பு... டாக்டர்... மாமா, காப்பாத்துங்க!"

"எப்படி மாப்ளே? மண்ணை நானா அள்ள முடியும்?"

சத்தம் கேட்டு சமையலறையிலிருந்து ஓடி வந்தாள் மாமியார் சுருளியம்மாள். வழக்கம் போல கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"என்னங்க... மாப்ளைக்குத் தல சுத்துதாக்கும்? பிரஷர் ஏறியிருக்கும்... அந்தப் புது மாத்திரையில இன்னொண்ணு கொண்டாரட்டுமா?"