பின்னால் வந்த பதில்

விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை பார்க்கும் கொளஞ்சிநாதனும் அவர் மகள் வெண்பாவும் சைக்கிள்களை டெம்போவில் ஏற்றிவந்து கோமுகி அணையருகே இறங்கியபோது மணி ஏழு. கல்வராயன் மலைமேல் மேகம் கவிந்து தூறிக்கொண்டிருந்தது. அங்கிருந்து மணிமுக்தா அணை வரை ஏற்றமும் இறக்கமுமான ரோடு. போன வருஷம் இதே நாளில், இதே ரோட்டில்தான் அவர் மனைவி தென்றல் ஒரு பள்ளத்தில் சைக்கிளோடு விழுந்து செத்துப்போனாள்.

"அம்மா கடைசியா போன ரோட்ட நானும் ஓட்டிப் பாக்கணும்பா" என்று மகள் ஒரு மாதமாக நச்சரித்தாள். வர மறுப்பதற்கு அவரிடம் காரணம் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

சேர்ந்து ஓட்டும்போது அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கண்டால் கத்த வேண்டும். பின்னால் வருகிறவர் பதில் குரல் கொடுக்க வேண்டும். முன்னவர் முதுகு ரோட்டை மறைத்துவிடும். பின்னவர் அந்தக் குரலை நம்பித்தான் மிதிக்கிறார்.

"பள்ளம்!"

"சரிப்பா."

ஏற்றத்தில் ஈர மண்வாசனையோடு தைல வாசனையும் வந்தது. தென்றல் முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம். மனப்பிராந்தி என்று தலையை உதறிக்கொண்டார்.

"பள்ளம்!"

"சரிப்பா."

"சரிங்க."

மகள் ஒருநாளும் அப்படிச் சொல்லமாட்டாள். அது தென்றல் சொல்லும் பதில்.

திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. இறக்கம் வந்தது. தென்றல் விழுந்த வளைவு. பள்ளத்தை மூடிப் புதுத் தார் போட்டிருந்தார்கள். தன்னையும் மீறிக் கத்தினார்.

"பள்ளம்!"

மகள் பதில் சொல்லவில்லை.

"சரிங்க" என்றது ஒரு குரல், பிடரியில் மூச்சுப்படும் கிட்டத்தில்.

கொஞ்சதூரம் தள்ளித்தான் பிரேக் பிடித்தது. வெண்பா பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்கப்பா பள்ளம்? ரோடு நல்லாத்தானே இருக்குது?"

அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு அப்படியே ரோட்டில் உட்கார்ந்து அழுதார்.

"அன்னைக்கு நான் பாத்தேன்மா."

"என்னத்த?"

"பள்ளத்த. டீக்கடையில ஒரு சின்னச் சண்ட. உங்கம்மாகூட பேசக்கூடாதுன்னு ஒரு வீம்பு. முன்னாடி போன நான் பாத்துட்டு, வாயத் தொறக்காம ஒதுங்கிப் போயிட்டேன்."

"பள்ளத்தையே பாக்கலன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்களே!"

பாழாய்ப்போன வீம்பு, ஒரு சொல்லில் பிழைத்திருக்க வேண்டிய உயிர்.

வெண்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினாள்.

"இனிமே முன்னாடி நான் போறேன். உங்கள நம்பி நான் பின்னாடி வரமாட்டேன்."

அவள் போய்விட்டாள். அதைவிடப் பெரிய தண்டனை அவருக்கு வேறில்லை. மெல்ல எழுந்து திரும்பினார்.

மலையிலிருந்து வழிந்த தண்ணீர் ரோடு முழுக்கச் செம்மண்ணைப் படியவிட்டிருந்தது. வளைவுக்கு அப்பாலிருந்து இரண்டு சக்கரத் தடங்கள் வந்தன. ஒன்று அவருடையது, ஒன்று வெண்பாவுடையது.

மூன்றாவது தடம் அந்தப் புதுத் தாரில்தான் தொடங்கியிருந்தது. நேரே வந்து, அவருடைய பின்சக்கரத்தை ஒட்டி நின்றிருந்தது.