இருபத்தைந்தரை

தொட்டித் தண்ணீர் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. மருந்துக்கடை வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மீன்தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தவனுக்கு அது நிம்மதியாக இல்லை, நெஞ்சில் முள்ளாய் உறுத்தியது.

உப்புத்தண்ணீர்த் தொட்டி, அதுவும் சின்னது, கைக்குழந்தையைவிட மோசம். கொஞ்சம் சூடு ஏறினால் பவளம் வெளுத்துப்போகும், இறங்கினால் சுருண்டுகொள்ளும். அதனால்தான் தண்ணீருக்குள் ஒரு சென்சார் போட்டிருந்தான், நீளமான கறுப்பு வயரின் முனையில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு. அது சொல்வதைக் கேட்டு ஹீட்டர் எரியும், அணையும். இருக்க வேண்டிய அளவு இருபத்தைந்தரை டிகிரி. கடையில் நின்றபடியே போனில் பார்த்துக்கொள்ளலாம்.

மத்தியானம் அப்படிப் பார்த்தபோதுதான் தூக்கிவாரிப்போட்டது. முப்பத்தாறு புள்ளி எட்டு! தண்ணீர் அந்தச் சூட்டுக்குப் போயிருந்தால் மீன்கள் இந்நேரம் வயிற்றைக் காட்டி மிதந்திருக்கும். வந்து பார்த்தால் அவை ஜோராக நீந்திக்கொண்டிருந்தன, சென்சாரும் தண்ணீருக்குள் பழைய இடத்திலேயே கிடந்தது. ஆக, நடுவில் யாரோ சென்சாரை வெளியே எடுத்து வெதுவெதுப்பான இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஹீட்டரும் ஏமாந்து அணைந்தே கிடந்திருக்கிறது. இந்த மழைக்குளிரில் தண்ணீர் சில்லிட்டிருக்க வேண்டாமா? தனியாக ஒரு கண்ணாடி தர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்தான். இருபத்தைந்தரை. ஹீட்டர் இல்லாமல் அதைச் சூடாக வைத்திருந்தது எது என்று அவனுக்கு விளங்கவில்லை.

வீட்டில் இருப்பது அவனும் அக்காவும்தான். அக்காவுக்கு லாண்டரியில் விடியற்காலை ஷிப்ட். மதியம் வந்ததும் தொட்டிக்குப் பக்கத்து சோபாவில் அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிடுவாள்.

"அக்கா, தொட்டியில கை வச்சியா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாரு. உன் மீனுக்கு நான் ஜுரம் பார்க்கணுமா?" ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு சிரித்தாள். "ஆமா, ஏன்டா இந்த வீடு இவ்வளவு குளிருது? தூங்கி எழுந்தா வாயெல்லாம் வேற உப்பு கரிக்குது."

அவன் சிரிக்கவில்லை. மோட்டார் சத்தத்தில் தூக்கம் கெடுகிறது, தொட்டியை வேறு எங்காவது கொண்டுபோ என்று மாசக்கணக்காக நச்சரித்தவள் அவள்தான். பவளம் செத்தால் அவளுக்குத்தானே வசதி? கூடப்பிறந்தவளை இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் எழுந்து போனதும் தொட்டிக்கும் சோபாவுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்தான். வயர் தாராளமாக எட்டும்.

மறுநாள் கிளம்புமுன் சென்சாரை ஒரு கிளிப்பால் தொட்டியின் விளிம்போடு இறுக்கி, கிளிப்பின் மேல் டேப் சுற்றிவிட்டுப் போனான். மதியம் போனில் அதே முப்பத்தாறு புள்ளி எட்டு, அக்கா தூங்கும் நேரம் முழுக்க. சாயங்காலம் வந்து பார்த்தால் கிளிப் வைத்தது வைத்தபடி, டேப் ஒட்டியது ஒட்டியபடி. கூடத்தில் விளக்கைப் போடாமல் நின்றான். மோட்டாரின் உறுமலும், வடிகட்டியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தமும், ஈரத்துணியும் பாசியும் கலந்த வாடையும் கூடத்தை நிறைத்திருக்க, தொட்டியின் நீல வெளிச்சம் சோபாத் தலையணையில் அக்கா தலை வைத்த பள்ளத்தின் மேல் அலைந்துகொண்டிருந்தது. டேப்பைப் பிரித்து சென்சாரை எடுத்தான். ரப்பர் உறையில் வரிசையாகக் குட்டிக் குட்டிப் பள்ளங்கள். பல் தடம்.

"என்னடா, என்னை நாய்னு நெனச்சியா, வயரைக் கடிக்க?" அவன் நீட்டிய சென்சாரைப் பார்த்த அக்காவுக்குக் குரல் நடுங்கியது. கோபமா, குளிரா, தெரியவில்லை. உதடு வெளிறியிருந்தது.

"வீட்டுல வேற யாரு இருக்கா? நீயே சொல்லு."

"அதான்டா நானும் கேக்கறேன். தூங்கறப்போ யாரோ என் தாடையைப் பிடிச்சு மெதுவா வாயைத் திறக்கற மாதிரி இருக்கு. ஈரக் கை. சொன்னா உன் தொட்டி மேல பழி போடறேன்னு நீ குதிப்பேன்னுதான் சொல்லல."

"போதும், கதை விடாத. உன்னைவிட அந்த மீனை நம்பலாம்."

சொன்னவுடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

அடுத்த நாள் மதியம் கடையில் ஒரு அம்மா இடுப்பில் பிள்ளையோடு வந்து புது தர்மாமீட்டரை நீட்டினாள்.

"முப்பத்தேழுகிட்டக் காட்டுது தம்பி. பயமா இருக்கு. ஜுரமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. மனுஷ உடம்போட சூடே அவ்வளவுதான். நாக்குக்கு அடியில வச்சா அப்படித்தான்..."

வாய் நின்றுபோனது. நாளெல்லாம் இதே பதிலைச் சொல்லிப் பிழைப்பவன். தன் போனில் அதே எண்ணைப் பார்த்து, தண்ணீர், ஹீட்டர், கிளிப் என்று அலைந்த மடையன்!

போனை எடுத்தான். முப்பத்தாறு புள்ளி எட்டு.

அக்காவைக் கூப்பிட்டான். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி பார்த்தான். முப்பத்தைந்து. இதுவரை இறங்கியதே இல்லையே.

"என்னடா, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றார் முதலாளி.

பதில் சொல்ல அவன் அங்கே இல்லை. மழையில் ஓடினான். சிக்னலில் நிற்கும்போது முப்பத்திரண்டு. கடவுளே, நிறுத்து. பாலத்தடியில் முப்பது. அவள் சொன்னாளே, வாய்விட்டுச் சொன்னாளே, நான்தானே கேட்கவில்லை. படிக்கட்டில் இருபத்தேழு. சாவி துவாரத்தில் நுழைய மாட்டேன் என்றது.

கதவு திறந்தது.

மோட்டார் ஓடவில்லை. சொட்டும் சத்தமும் இல்லை. தரையெல்லாம் ஈரம். கறுப்பு வயர் தொட்டியிலிருந்து இறங்கி, தரையில் வளைந்து, சோபாவில் ஏறி, அக்காவின் உதடுகளுக்கு நடுவே போயிருந்தது.

"அக்கா!"

வயரை இழுத்தான். வரவில்லை. பல் இறுகியிருந்தது. நெற்றியில் கை வைத்தான். குழாய்த் தண்ணீர்போல் குளிர்ந்திருந்தது. கையிலிருந்த போனில் இருபத்தைந்தரை. அசையாமல் நின்றது. இந்தத் தொட்டிக்கு இவ்வளவு நாளாக அவன் கேட்ட, ஏறாத இறங்காத அதே அளவு.

அக்கா கண்ணைத் திறந்தாள்.

அவனைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது அவளுக்கு. கண்ணில் நீர் கட்டியது. கழுத்தின் பக்கவாட்டில் தோல் மீனின் செவுள்போல மெல்லத் தூக்கி, மெல்ல அடங்கியது. மறுபடி தூக்கியது. போனில் எண் மாறவே இல்லை.

பின்வாங்கினான். முதுகு தொட்டியில் இடித்தது. விழாமலிருக்கக் கண்ணாடியைப் பிடித்தான்.

சூடு.

ஜுரக்காரனின் மார்புபோலச் சூடு. உள்ளே பவளங்கள் எல்லாம் ஒன்றாக விரிந்தன. ஒன்றாகச் சுருங்கின. அவன் உள்ளங்கைக்குக் கீழே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஏதோ ஒன்று அடித்துக்கொண்டிருந்தது. லப். டப். லப். டப்.