இறக்குன்னா இறக்கணும்

உலகப் போர் ஐந்தாம் வகுப்பில் வந்து மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

பள்ளி விழாவுக்கு அந்த வகுப்பு போடும் நாடகம் அது. உண்மையான போர் எப்படி முடிந்தது என்று பாடத்திலேயே இருந்தது. ஊர் ஊராக எரிந்து, கோடிக்கணக்கானவர்கள் வீடு திரும்பாமல் போன பிறகுதான் முடிந்தது.

"அதை நம்மால மாத்த முடியாது. ஆனா நாடகம் நம்மளது. எல்லாரும் உயிரோட வீட்டுக்குப் போற மாதிரி எப்படி முடிஞ்சிருக்கலாம்னு யோசிங்க," என்று சொல்லியிருந்தார் டீச்சர்.

யோசித்தார்கள். வினையே அங்கேதான் வந்தது.

வடக்குப் படைக்குத் தலைவன் நெட்டை. தெற்குப் படைக்குத் தலைவி, மூக்குக்கண்ணாடி போட்டதால் கண்ணாடி என்று பெயர் வாங்கியவள். நெட்டை எழுதிய முடிவில் தெற்குப் படை மொத்தத்துக்கும் வயிறு கலங்கி, போர்க்களத்தை விட்டுக் கழிப்பறைக்கு ஓடியது. கண்ணாடி எழுதிய முடிவில் வடக்குப் படை வழி தெரியாமல் சேற்றில் இறங்கி, அங்கேயே உட்கார்ந்து அழுதது. சமாதானம் என்று ஒரு முடிவும் வந்தது. அது இரண்டு பேருக்கும் பிடித்துத்தான் இருந்தது, ஆயுதத்தை யார் முதலில் கீழே வைப்பது என்ற இடம் வரும்வரை.

"அவங்க முதல்ல வைக்கட்டும்," என்றான் நெட்டை.

"நாங்க வெச்ச உடனே நீங்க சுடுவீங்க. நீங்க வைங்க."

"நாங்க முதல்ல வெச்சா தோத்த மாதிரி ஆயிடும்ல?"

இரண்டு படைகளும் துடைப்பக் கட்டைத் துப்பாக்கிகளோடு முறைத்துக்கொண்டு நின்றன. டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நாளை மதியத்துக்குள் ஒரு முடிவு வராவிட்டால் நாடகமே கிடையாது, அந்த நேரத்தில் ஆறாம் வகுப்பு பாட்டுப் பாடட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதைக் கேட்டு அதிகம் பயந்தது தலைவர்கள் இல்லை. மூட்டைதான்.

மூட்டை என்பது ஒரு பெண்ணுக்கு வகுப்பு வைத்த பட்டப்பெயர். அவள் அப்பா கிடங்கில் சுமை தூக்குகிறார். அதனால் நாடகத்திலும் அவளுக்குச் சுமைதான். சுண்டைக்காய் என்ற குட்டிப் பையனோடு சேர்ந்து, குண்டுப் பெட்டியை மேடையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வசனம் கிடையாது.

ஆனாலும் அப்பா வருவதாகச் சொல்லியிருந்தார். இதுவரை ஒரு விழாவுக்கும் அவர் வந்ததில்லை. லாரி எப்போது வரும் என்று கிடங்கில் யாருக்கும் தெரியாது. வந்தால் இறக்கியே ஆக வேண்டும். இந்த முறை மேஸ்திரியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார். நல்ல சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். நாடகம் இல்லை என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது?

பள்ளி விட்டதும் அவள் வழக்கம்போல் அப்பாவுக்குச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனாள். வாசலில் லாரி நின்றது. ஆட்கள் வரிசையாக நின்று, தோளில் மடித்த சாக்கின் மேல் நீளமான இரும்பு உத்திரம் ஒன்றைச் சுமந்து வந்துகொண்டிருந்தார்கள். அப்பா நடுவில் இருந்தார். கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது. எல்லோருடைய காலும் ஒரே சமயத்தில் தரையைத் தொட்டது.

"இறக்கு!"

கத்தியது கடைசியில் வந்த புது ஆள். அடுத்த நொடி உத்திரம் தரையில் இருந்தது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கிடங்கில் அதுதான் சட்டம். நேற்று சேர்ந்தவன் சொன்னாலும் சரி, மேஸ்திரி சொன்னாலும் சரி, இறக்கு என்றால் எல்லோரும் சேர்ந்து இறக்க வேண்டும். ஒருவன் மட்டும் முதலில் விட்டால் பாரம் பக்கத்து ஆளின் தோளில் விழும். கேள்வி, திட்டு எல்லாம் சுமை தரைக்கு வந்த பிறகுதான்.

இப்போது தரைக்கு வந்துவிட்டது. என்னடா ஆச்சு என்றார் மேஸ்திரி.

"எறும்பு கடிச்சிருச்சுண்ணே," என்று புது ஆள் தொடையைத் தேய்த்தான்.

மேஸ்திரி அவனுடைய பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினார். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தூக்கினார்கள்.

சாப்பிடும்போது அப்பா, நாடகத்தில் என்ன வேஷம் என்று கேட்டார். சுமை தூக்குகிற வேஷம் என்று மெதுவாகச் சொன்னாள்.

"அதுக்கு எதுக்கும்மா வேஷம்? நம்ம வீட்டுச் சட்டையே போதுமே," என்று சொல்லிவிட்டு அப்பா சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. தரையில் கிடந்த உத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதில் யார் முதலில் கீழே வைத்தது? யாருமே இல்லை.

மறுநாள் காலை வகுப்பில் அவள் கையைத் தூக்கினாள். மூட்டைக்கு வசனம் வேண்டுமாம் என்று யாரோ சொல்ல, இரண்டு படைகளும் சேர்ந்து சிரித்தன. அவை சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

அவள் வசனம் கேட்கவில்லை. ஒரு பெஞ்சைக் காட்டி, ஒரு முனையை நெட்டையும் மறுமுனையைக் கண்ணாடியும் தோளுக்குத் தூக்கும்படி சொன்னாள். வீரத்தைக் காட்ட இரண்டு பேரும் தூக்கினார்கள். கொஞ்ச நேரத்திலேயே முகம் சிவந்தது.

"கனக்குதா?"

"இல்லையே," என்றான் நெட்டை பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்ப நீ மட்டும் முதல்ல கீழ வை."

நெட்டை தன் முனையைத் தாழ்த்தினான். பெஞ்சு அவனுடைய கால் விரலைப் பார்த்துச் சறுக்கியது. மறுமுனையில் கண்ணாடி இழுபட்டுத் தடுமாறினாள். அவள் போட்டிருந்த மூக்குக்கண்ணாடி நுனிக்கு வந்துவிட்டது. இரண்டு பேரும் அலறிக்கொண்டு மறுபடியும் பெஞ்சைத் தோளுக்கு ஏற்றினார்கள்.

"இப்ப நான் ஒரு வார்த்தை சொல்லுவேன். சொன்னதும் ரெண்டு பேரும் சேர்ந்து இறக்கணும். ஏன்னு கேக்கக் கூடாது. கேக்கறதெல்லாம் அப்புறம். இறக்கு."

பெஞ்சு தரைக்கு வந்தது. ஒரே சத்தம்.

"யாரு முதல்ல வெச்சது?" என்று கேட்டாள்.

நெட்டை கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடி நெட்டையைப் பார்த்தாள்.

"அப்ப யாரு தோத்தது?"

தோளைத் தேய்த்துக்கொண்டே நெட்டை, இந்த முடிவு தனக்குச் சம்மதம் என்றான். அதையேதான் தானும் சொல்ல வந்ததாகக் கண்ணாடி சொன்னாள். வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர், ஆறாம் வகுப்பிடம் பாட்டு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

மூட்டைக்கு வசனம் கிடைத்தது. கொஞ்சமாக இல்லை. "ஏன் நிறுத்தினாய்?" என்று தலைவர்கள் கேட்டதும் அவள் சொல்ல வேண்டிய பதிலைக் கண்ணாடி ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள். "மானுடமே, கேள்!" என்று அது தொடங்கியது.

விழா அன்று மாலை மைதானம் நிறைந்திருந்தது. திரை இடுக்கு வழியாகப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. வந்தது அப்பா மட்டும் இல்லை. கிடங்கே வந்திருந்தது. ஒருவன் போனால் உத்திரத்தை யார் தூக்குவது, எல்லோருமே போய்விடுவோம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டாராம். தலையில் தூசியோடு கடைசி வரிசையை மொத்தமாக அடைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

நாடகத்தில் அனல் பறந்தது. டின் தட்டிப் பீரங்கி வெடித்தது. கடைசித் தாக்குதலுக்கு இரண்டு படைகளும் துப்பாக்கியை உயர்த்தின. நெட்டை வாளை ஓங்கினான். கண்ணாடியும் ஓங்கினாள். குண்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்த மூட்டை, சட்டென்று நின்றாள். கிடங்கு வாசலில் கேட்ட அதே குரல் அவள் தொண்டையிலிருந்து வந்தது.

"இறக்கு!"

மேடையில் பெட்டி, துப்பாக்கி, வாள் எல்லாம் ஒரே அடியில் தரைக்கு வந்தன. மேடையில் மட்டுமா? கடைசி வரிசையில் ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். இன்னொருவர் தோளில் இருந்த குழந்தையை இறக்கினார். மேஸ்திரி மடியிலிருந்த பையைத் தரையில் வைத்துவிட்டு, எதற்கு வைத்தோம் என்று திருதிருவென்று விழித்தார்.



"யார் சொன்னது? ஏன் நிறுத்தினாய்?" என்று தலைவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கர்ஜித்தார்கள்.

மூட்டை வாயைத் திறந்தாள். மானுடம் வரவில்லை. ஒரு பக்க வசனமும் காற்றில் போய்விட்டது. கடைசி வரிசையில் அந்தப் புது ஆளின் முகம் தெரிந்தது.

"எறும்பு கடிச்சிருச்சு," என்றாள்.

முதலில் சிரித்தது மேஸ்திரி. பிறகு கிடங்கு முழுவதும். பிறகு மைதானமே. புது ஆள் எழுந்து நின்று கும்பிட்டான். மேடையில் கண்ணாடி ஒரு நொடிதான் திகைத்தாள். அடுத்த நொடி வாளைத் தாண்டி வந்து முட்டி போட்டு, "எங்கே? எந்த எறும்பு?" என்று தேட ஆரம்பித்தாள். நெட்டையும் குனிந்தான். வடக்கும் தெற்கும் தவழ்ந்து தவழ்ந்து எறும்பு தேடின. சுண்டைக்காய், "கிடைச்சிருச்சு, நம்ம ஆளுதான், சுமை தூக்குது!" என்று கத்தினான். துப்பாக்கிகளைத் திரும்ப எடுக்க ஒருவருக்கும் நினைவே வரவில்லை. கைதட்டலில் திரை விழுந்தது. மறுபடியும் தூக்கினார்கள். மறுபடியும் கைதட்டல்.

வெளியே வந்ததும் நெட்டை கூட்டத்துக்குள் நின்று, எழுதிய வசனத்தைவிட எறும்பே நன்றாக இருந்தது என்றான். தானும் அப்படித்தான் நினைத்ததாகக் கண்ணாடி சொன்னாள்.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குனிந்து அவளை அலாக்காகத் தூக்கி, சாக்கு இல்லாத வெறும் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். நல்ல சட்டை அழுக்காகுமே என்று மேஸ்திரி கேலி செய்தார்.

"நீயா சொல்ற வரைக்கும் இறக்க மாட்டேன்," என்றார் அப்பா.

மேஸ்திரியும் புது ஆளும் மற்றவர்களும் சுற்றிலும் வர, மாடி ஜன்னல்களில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்க, தெரு முழுக்க அவள் உயரத்தில் போனாள். வழியில் என்னென்னவோ பேசினாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் வீடு வரும்வரை சொல்லவே இல்லை.