நறுங்கோதையின் நீல உதடுகள்

அந்திச் செவ்வொளி வெள்ளாற்றின் நீர்ப்பரப்பில் குங்குமத்தைக் கரைத்துக்கொண்டிருக்க, கரையோரக் கோரைப் புதர்களில் நாரைகள் வந்தடையும் வேளையில், வெண்கரைக் கோட்டையின் நீர்வாயிலில் ஓர் ஓடம் ஒதுங்கியது. அதிலிருந்து இறங்கிய இளம்பெண்ணை, வாசகப் பெருமக்களே, வீரர்கள் வாள்முனையிலேதான் வரவேற்றார்கள். காரணம் இருந்தது. கோட்டையை ஆளும் வேள் போர்முனையில் இருக்க, அவருடைய ஒரே மகள், தாயற்ற சிறுமி நறுங்கோதை, சில மாதங்களாக உதடு நீலம் பாரித்து மயங்கி விழலானாள். நஞ்சு என்றது அரண்மனை. சென்ற கார்த்திகையில் மணமாகி வந்த இளையராணி பொன்னிலைதான் ஊட்டினாள் என்றும் சொன்னது. அவள் விலங்கிடப்பட்டாள். மறுநாள் அவளுக்கு மரண தண்டனை.

"தங்கள் பெயர்?" என்றான் கோட்டைத் தளபதி கண்ணந்தை.

"எயினி. மருத்துவம் கற்றவள். இளவரசியைப் பார்க்க வேண்டும்."

"யாரும் தங்களை அழைக்கவில்லையே, அம்மணி?"

"அழைக்கும்வரை இளையராணி உயிரோடு இருப்பாரா, தளபதியாரே?"

அவ்விழிகளின் துணிவு அவன் நெஞ்சில் தைத்தது. அதனாலேயே அவன் ஐயம் இருமடங்காயிற்று. அவளுடைய மருந்துப் பையைப் பறித்துக்கொண்டு, உருவிய வாளோடு அந்தப்புரம்வரை பின்தொடர்ந்தான்.

எயினி குழந்தையின் நாடியைப் பார்த்தாள், விரல்களைத் தடவினாள், சின்னஞ்சிறு மார்பில் காது வைத்து நெடுநேரம் கேட்டாள். "ஓடி விளையாடினால் என்ன ஆகும், கண்ணே?"

"மூச்சு வாங்கும். உடனே குந்திக்குவேன். அப்புறம் சரியாயிடும்."

எயினி குனிந்து ஏதோ மெல்லக் கேட்டாள்.

"என்ன ஓதுகிறாய் குழந்தையின் காதில்?" என்று கண்ணந்தை இடிபோல் முழங்கினான்.

மிரண்ட சிறுமி வீறிட்டு அழுதாள். அழ அழ உதடுகள் நாவற்பழமாகக் கறுத்தன, தலை சாய்ந்தது. மறுகணம் எயினியின் கழுத்தில் வாள் பதிந்தது.

"என்ன கொடுத்தாய்?"

"என் பை தங்கள் கையில் இருக்கிறது. வெட்டுவதானால் பிறகு வெட்டுங்கள்!" என்றவள், குழந்தையை வாரியெடுத்து, அவளுடைய முழங்கால்களை மடக்கி மார்போடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள்.

மெல்ல மெல்ல நீலம் வடிந்தது. நறுங்கோதை விழி திறந்தாள்.

"இது நஞ்சன்று, பிறவியிலேயே இதயத்தில் அமைந்த குறை. தாங்களே கேளுங்கள்."

கண்ணந்தை தயங்கிக் குனிந்தான். துடிப்போடு துடிப்பாக, குறுகிய மதகில் நீர் பாய்வது போன்ற இரைச்சல் கேட்டது.

"விரல் நுனிகள் உருண்டு பருத்திருக்கின்றன பாருங்கள். இப்படி ஆக ஆண்டுகள் பிடிக்கும். கார்த்திகையில் வந்தவரால் இதைச் செய்திருக்க முடியுமா?"

"எங்கள் மருத்துவர்கள் அறியாததைத் தாங்கள் எங்கே கண்டீர்கள்?"

எயினி குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டாள். பொய் சொன்னால் அவள் தப்பலாம். ஆனால் அதை அவன் நம்பாவிட்டால் பொன்னிலை தப்ப மாட்டாள்.

"என் தம்பியிடம். நஞ்சிட்டதாகச் சொல்லி, அவனுடைய செவிலித்தாயின் தலையை வாங்கினார் என் தந்தை. அதன் பிறகும் தம்பி நீலம் பாரித்தான். என் மடியிலேயே அடங்கினான்."

"யார் தங்கள் தந்தை?"

"இப்போது தங்கள் வேளோடு போர் புரியும் செங்குன்றத்து அரையர்."

கண்ணந்தையின் முகம் வெளிறியது.

"என்னைப் பணயம் வைத்தால் போரே முடியும் என்பதை அறிவேன்" என்றாள் எயினி. "சிறையிடுங்கள். ஆனால் இவள் அழுதால் எனக்குக் கேட்கும் தூரத்தில் அந்தச் சிறை இருக்கட்டும். இந்நோயை அறவே போக்கும் மருந்து என்னிடம் இல்லை. மயங்கும்போது மீட்க மட்டுமே தெரியும்."

அவன் காவலனை அழைத்தான். "இளையராணியின் விலங்கை அவிழ்த்து மரியாதையோடு அழைத்து வா. வேளிடம் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்."

பிறகு எயினியின் முன் வாளைத் தரையில் ஊன்றி மண்டியிட்டான்.

"வேள் திரும்பும்வரை தாங்கள் என் கைதி, இளவரசி. தங்களைத் தீண்ட வருபவர் வேளே ஆனாலும், முதலில் என்னை வெட்டிச் சாய்க்க வேண்டும். இது என் வாளின்மேல் ஆணை!"