கீழ்த்தட்டில் கொஞ்சம் இடம்

இட்லி மாவுப் பாத்திரம் இடம் மாறியிருந்தது. ராத்திரி ஃப்ரிஜின் கீழ்த்தட்டில் மூடி வைத்தது, விடிந்து பார்த்தால் மேல்தட்டில், பால் செம்புக்குப் பக்கத்தில், யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கினமாதிரி ஓரமாக நின்றுகொண்டிருந்தது. கீழே கத்தரிக்காய்களும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. நடுவில் காலி. ஒரு சாண் அகலத்துக்குத் துடைத்துவிட்ட மாதிரி காலி.

"கஸ்தூரி, மாவ எதுக்கு மேல தூக்கி வெச்சே?"

"நான் எதுக்கு வெக்கறேன்? ராத்திரி தயிர் ஆடை திருட வந்தவங்களப் போய்க் கேளுங்க."

அந்தத் திருடன் சகாதேவன்தான். ஆகவே விசாரணை அங்கேயே முடிந்தது. பத்திர ஆபீஸில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு, எந்தக் கேஸை எப்போது கைவிடவேண்டும் என்று தெரியாதா?

அந்தத் தெருவுக்கே ஒரே ஃப்ரிஜ் அவனுடையது. சமையலறையில் வைத்தால் யார் பார்ப்பார்கள் என்று ஹாலில் வைத்து, அன்னப்பறவை போட்ட துணி போர்த்தி, பக்கத்தில் ஸ்டெபிலைசரை ஒரு ஸ்டூலில் உட்கார்த்தி, வருகிறவர்களெல்லாம் முதலில் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் அவனிடம் பேசவேண்டும் என்கிற ஏற்பாடு. எழுபத்தொன்பதில், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் குடியிருந்த வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று அவசர அவசரமாக ஊருக்குக் கிளம்பியபோது, மெக்கானிக் கவுஸ் பாஷா வாங்கி, துடைத்து, இவனுக்குக் கொடுத்தது. 'சீதளா' என்று நெற்றியில் எழுதிய வெள்ளைப் பெட்டி. கதவில் கார் கதவு மாதிரி ஒரு பெரிய கைப்பிடி. மூடினால் 'டக்'கென்று ஒரு கொக்கி விழும். அந்தச் சத்தம் கேட்கவே சகாதேவன் ஒன்றுமில்லாததற்கெல்லாம் திறந்து மூடிய காலம் உண்டு.

அடுத்த நாள் காலி இடம் இரண்டு சாணாகியிருந்தது. அதற்கடுத்த வாரம், நடுத்தட்டின் கம்பிப் பலகையே கழன்று பக்கவாட்டில் சாய்ந்து நின்றது.

"வள்ளி, நீயாடி இதுல கைய வெக்கிறே?"

வள்ளிக்கு ஐந்து வயது. கொலுசைப் பார்த்துக்கொண்டே, "நான் இல்லப்பா" என்றாள். "அதுக்கு உள்ள இடம் பத்தல."

"எதுக்கு?"

"நீங்க கதவத் தொறந்தா லைட் எரியுதுல்ல, அதான் தெரியல. ஒளிஞ்சுக்கும்."

சகாதேவன் சிரித்தான். கரப்பான்பூச்சியைச் சொல்கிறாள் என்று நினைத்து, மறுநாளே பாச்சை உருண்டை வாங்கி வந்தான். அவன் அறிவின் எல்லை அதுதான்.

ஆபீஸ் பேப்பரில் அந்த அறிவிப்பு வந்தது ஐப்பசிக் கடைசியில். 'எங்கள் சீதளா குளிர்பதனப் பெட்டிகளில் 31240 முதல் 31290 வரை எண்ணுள்ளவற்றின் கதவுக் கொக்கி தானாக இறுகிவிடுவதாகத் தெரியவருகிறது. அவ்வாறு இறுகிய கதவை உள்ளிருந்து திறக்க இயலாது. வீட்டில் சிறு குழந்தைகள் இருப்பின் உடனடியாகக் கதவைக் கழற்றிவிட்டு, பெட்டியைத் திருப்பி அனுப்புவது குறித்து எழுதவும்.'

"உள்ளிருந்து தொறக்க முடியாதாமே! எங்க வூட்டுக் கத்தரிக்கா வெளிய வரணும்னா இன்னா பண்ணும்?" என்று சத்தமாகப் படித்தான். ஆபீஸே சிரித்தது. முதலில் சிரிப்பை நிறுத்தியவன் அவன்தான். சிறு குழந்தைகள் இருப்பின்.

எண்ணைப் பார்த்துவிட்டால் தீர்ந்தது. சாயங்காலம் வந்ததும் ஃப்ரிஜைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்னால் தலையை விட்டான். மோட்டாருக்கு மேலே எண் பொறித்த தகடு இருக்கவேண்டிய இடத்தில், உள்ளங்கை அகலத்தில், செங்கல் நிறத்தில் ஒரு மேடு.

யார் செய்த வேலை என்று யோசிக்க வேண்டியதே இல்லை. ஆயுத பூஜைக்கு எல்லாரும் மிஷினுக்கு முன்பக்கம் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். முன்பக்கத்து வெள்ளைப் பெயின்ட் அழுக்காகிவிடுமே என்று, பின்னால் இருக்கும் தகட்டுக்கு வைத்த புத்திசாலி இந்த ஊரிலேயே ஒருத்தன்தான். "உயிர் மோட்டார்லதானே இருக்குது, அதுக்கு மேல வெக்கறதுதான் முறை" என்று கஸ்தூரிக்குத் தத்துவம் வேறு சொன்னான். ஆறு ஆயுத பூஜை. பழசைத் துடைக்காமல் அதன்மேலேயே புதுசு. மோட்டார் சூட்டில் வெந்து வெந்து சூளையில் வைத்த செங்கல்லாகவே ஆகிவிட்டது. ஊரார் நிலத்துக்கெல்லாம் சர்வே நம்பர் தேடிக் கொடுக்கிறவனுக்குத் தன் வீட்டுப் பெட்டியின் நம்பர் தெரியவில்லை.

நகத்தால் சுரண்டப் போனான்.

"வெள்ளிக்கெழம அதுவுமா குங்குமத்த அழிக்கிறீங்களா?" கஸ்தூரி கையில் கரண்டியோடு வந்து நின்றாள். சனிக்கிழமை அமாவாசை என்றாள். மறுநாள் பாட்டிமை, திங்கள் சோமவாரம், செவ்வாயும் கூடாது. புதன்கிழமை அவனுக்கு ஆடிட். வியாழக்கிழமை கரண்ட் இல்லை, டார்ச்சில் பேட்டரி இல்லை. அடுத்த நாள் திரும்பவும் வெள்ளி.

"கதவக் கழட்டி வெச்சிடலாமா?"

"கழட்டினா அது ஃப்ரிஜ்ஜா, பீரோவா? மொதல்ல நம்பரப் பாருங்க. நம்பளுது இல்லாமப் போனா தெருவே சிரிக்கும்."

இதில் அவனுக்கும் சம்மதம்தான். அதுதான் வெட்கக்கேடு.

போஸ்டாபீஸில் மூன்று மணி நேரம் காத்து மெட்ராஸ் கம்பெனிக்கு டிரங்க் கால் போட்டான்.

"நம்பர் சொல்லுங்க சார்."

"நம்பர் தெரியலைங்க. அதுக்குத்தான்..."

"நம்பர் இல்லாம நாங்க எப்பிடி சார் சொல்றது?"

"உங்ககிட்ட இருக்கற பழைய பில்லுல..."

"பில் நம்பர் சொல்லுங்க."

லைன் போய்விட்டது. சகாதேவன் செத்த ரிசீவரிடம் இன்னும் கொஞ்ச நேரம் சண்டை போட்டான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

கவுஸ் பாஷா கடைக்குப் போனான். அவர் ஒரு மோட்டாரின் வயிற்றிலிருந்து தலையை எடுக்காமலே பேசினார். "நம்பரெல்லாம் எழுதி வெக்கல சார். நான் வாங்கறப்ப உள்ள தட்டே இல்ல. ஒண்ணுகூட இல்ல. மொத்தத்தையும் கழட்டி எடுத்துட்டிருந்தாங்க. நான்தான் வெல்டிங் பட்டறையில குடுத்துப் புதுசா போட்டேன்."

"தட்ட எதுக்குக் கழட்டணும் பாய்?"

அவர் அப்போதுதான் தலையைத் தூக்கினார். கையைத் துணியில் துடைத்தார். தேவைக்கு மேலேயே ஜாஸ்தி நேரம் துடைத்தார்.

"நான் கேக்கல சார். அந்தம்மா அழுதுகிட்டே இருந்துச்சு. கேக்கறமாதிரி இல்ல."

அன்றிலிருந்து சகாதேவன் தூக்கம் கெட்டது. ஹாலில் மோட்டார் ஓடும், நிற்கும், நிற்கும்போது பெட்டி ஒரு உலுக்கு உலுக்கி அடங்கும். அப்படி அடங்கிய பிறகும் உள்ளே கம்பித் தட்டு ஒன்று மெதுவாக, மிக மெதுவாக, தகரத்தை உரசிக்கொண்டு நகர்வதுபோலக் கேட்கும். எழுந்துபோய்த் திறப்பான். விளக்கு எரியும். குளிர்ந்த மாவு வாசனை. நடுவில் காலி. ஒரு குழந்தை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரும் அளவுக்குக் காலி. எல்லாவற்றையும் பழைய இடத்தில் அடுக்குவான். காலையில் பார்த்தால் மறுபடியும் ஒதுங்கி நிற்கும்.

கார்த்திகை தீபத்தன்று லீவு. இனி எவள் தடுத்தாலும் விடுவதில்லை என்று காலையிலேயே மனசுக்குள் சபதம் போட்டான். மனசுக்குள் மட்டும்.

அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு. மலையில் தீபம் தெரியாமல் வீட்டில் அகல் ஏற்றக் கூடாது. கஸ்தூரி கணக்கில் கரண்ட் விளக்கும் விளக்குதான், சுவிட்சில் விரல் வைக்கக் கூடாது. ஆறு மணிக்குச் சற்று முன்னால், அக்கம்பக்கத்துச் சனம் இருபது பேர் அவன் வீட்டு மொட்டைமாடியில். மழை மேகம் வேறு. தெருவில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. லட்சக்கணக்கானவர்கள் கூடியிருக்கும் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மலையையே பார்த்தது.

வீட்டில் கீழே அவன் ஒருத்தன்தான். ஃப்ரிஜின் பிளக்கைப் பிடுங்கினான். சுவரிலிருந்து இழுத்தான். பின்னால் மண்டியிட்டு, ஈரத்துணியும் ஸ்பூன் காம்புமாக ஆரம்பித்தான்.

சந்தனம் பொரிப்பொரியாக உதிர்ந்தது. மேலே இந்த வருஷத்துக் குங்குமம், அதற்கடியில் போன வருஷத்தது, இன்னும் அடியில் கறுத்துப்போனது. மூக்கெல்லாம் பழைய பன்னீர் வாசனை. ஜன்னலில் மிச்சமிருந்த சாம்பல் வெளிச்சமும் அணைந்துவிட்டது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. விரல் நுனியால் தடவினான். பொறித்த எண். மூன்று. ஒன்று. இரண்டு.

மாடிப்படியில் கொலுசுச் சத்தம் இறங்கி வந்தது. ஹாலுக்குள் ஓடிற்று. நின்றது.

"வள்ளி, மேல போ. அப்பா வேலையா இருக்கேன்."

ஒரு சின்னச் சிரிப்பு.

நான்காவது எண்ணை அடைத்துக்கொண்டிருந்த கட்டியை நகத்தால் நெம்பினான். ஆறு. கடைசி எண், ஏழு. 31267.

அந்தப் பட்டியலில்தான். நடுவாந்தரமாக.

பெட்டியின் முன்பக்கம், 'டக்'.

கொக்கி விழுந்த சத்தம்.

"வள்ளி?"

கொலுசு இல்லை. சிரிப்பு இல்லை. மோட்டார்கூட ஓடவில்லை. பிறகு, அவன் கன்னத்தை ஒட்டியிருந்த தகரத்துக்கு அந்தப் பக்கம், மெதுவாக, விரல் கணுவால்:

டொக். டொக்.

"கஸ்தூரி! வள்ளி மேல இருக்காளா?"

"இப்பத்தானே உங்களக் கூப்புட அனுப்பினேன்!" மாடியிலிருந்து குரல் வந்தது. "சீக்கிரம் வாங்க, ஏத்தப் போறாங்க!"

எப்படி முன்பக்கம் வந்தான் என்று தெரியாது. முழங்கை எதிலோ இடித்தது. கைப்பிடியை இழுத்தான். வரவில்லை. இறுகியிருந்தது. உள்ளே தட்டல் வேகமானது. சின்ன உள்ளங்கைகள். இரண்டும்.

"கண்ணு, அப்பா இருக்கேன், இரு, இரு..."

பெட்டியின் பக்கத்தில் காலை முட்டுக்கொடுத்தான். தொங்கினான். ஆறு வருஷமாக 'டக்' சத்தத்தை ரசித்த மடையன். தெரு சிரிக்குமென்று கதவைக் கழற்றாத மடையன். அண்ணாமலையாரே. ஒரே ஒரு தடவை. இழுத்தான்.

திறந்தது.

விளக்கு எரியவில்லை. பிளக்கைப் பிடுங்கியிருந்தானே. உள்ளே கையை விட்டுத் துழாவினான். தட்டுகள் எல்லாம் ஓரமாகச் சாய்ந்திருந்தன. பாத்திரம் இல்லை, காய் இல்லை. காலி. மேலிருந்து கீழ்வரை காலி. ஜில்லென்று ஏதோ அவன் முழங்காலை உரசிக்கொண்டு வெளியே போயிற்று. ஈரத் துணி பட்டமாதிரி இருந்தது.

ஹால் மூலையிலிருந்த கட்டிலுக்கடியிலிருந்து கொலுசு குலுங்கியது. "அப்பா தோத்துட்டாங்க! நான் இங்கதான் ஒளிஞ்சிருந்தேன்!"

சகாதேவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். வள்ளியை இழுத்து மடியில் போட்டு இறுக்கினான். சூடான குழந்தை. எண்ணெய் வைத்த தலை. வேர்த்த கழுத்து. அழுதான். சிரித்தான். மறுபடியும் அழுதான். நாளைக்கே இந்தச் சனியனைத் தூக்கி அனுப்பிவிட வேண்டும். அவள் எந்தக் கிழமை சொன்னாலும் சரி.

"என்னாங்க, நீங்க இன்னும் வரலியா?" மாடியிலிருந்து கஸ்தூரி. "வள்ளி வந்துட்டா. என் கையப் புடிச்சிக்கினு நிக்குது. புள்ளய ஐஸத் தொட வுட்டீங்களா? கை இப்பிடி வெறைச்சிருக்குது!"

மடியில் வள்ளி அசையாமல் கிடந்தாள். அவன் காதில் மெதுவாகச் சொன்னாள்:

"அது ஜெயிச்சிடுச்சுப்பா."

வெளியே அதிர்வேட்டு. ஒரே சமயத்தில் ஊர் முழுக்க, வீதி வீதியாக, கூரை கூரையாக, அரோகரா. மலை உச்சியில் தீபம். எதிர் வீட்டு மாடி விளக்கு எரிந்தது. அதற்கடுத்த வீட்டில். அதற்கடுத்த வீட்டில். ஜன்னல் வழியாக மஞ்சள் வெளிச்சம் ஹாலுக்குள் வந்து விழுந்தது.

திறந்த பெட்டியிலிருந்து மாடிப்படி வரைக்கும் ஈரக் காலடிகள். வள்ளி பாதத்தைவிடக் கொஞ்சம் சின்னவை. எல்லாம் மேலே ஏறிப் போனவை.

ஊரெல்லாம் அரோகரா ஓயவில்லை. அவன் வீட்டு மாடியில் மட்டும் அது பாதியில் நின்றது. இருபது பேர். ஒரு மூச்சுகூட இல்லை. பக்கத்து வீட்டுக் காசியம்மாளின் குரல் மட்டும் கேட்டது, மிகவும் தணிந்து.

"கஸ்தூரி... கைய வுடுடி. இது யாரு வூட்டுப் புள்ள?"

கஸ்தூரி கையை உதறிய வளையல் சத்தம் கேட்டது.

மாடிப்படியில் ஈரப் பாதம் ஒன்று இறங்கியது. இன்னொன்று.

வள்ளி அவன் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். திறந்து கிடந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரும் அளவுக்கு, துடைத்துவிட்டமாதிரி, அங்கே இடம் தயாராக இருந்தது.

"இப்ப என் முறைப்பா" என்றாள். "கண்ண மூடிக்கோங்க."